விளக்கப்படமா, புள்ளியியல் நிலப்படமா? மாவட்டக் கணக்கை எதில் போடுவது

மயிலை_மாணவி
புவியியல் செய்முறை ஏட்டுக்காகக் கேட்கிறேன். கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பின் 32 மாவட்ட மக்கள்தொகை அட்டவணை. "விளக்கப்படத்துக்கும் புள்ளியியல் வரைபடத்துக்கும் உள்ள வேறுபாட்டை எழுதி, இரண்டிலும் ஒன்று வரைக" என்பது கேள்வி. பட்டை வரைபடம் ஒன்று போட்டேன். அது இரண்டாவது வகையில் சேராதாம். பெயரிலேயே "வரைபடம்" இருக்கிறதே? அடுத்து தமிழ்நாட்டு மேப்பில் மக்கள்தொகைக்கு நிறம் தீட்டினேன். சென்னையை உற்றுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எங்கே தப்பு?

கட்டத்தாள்
பாதித் தப்பு அந்தச் சொல்லில். கணக்குப் புத்தகத்தில் கிராஃப் என்றால் வரைபடம். புவியியல் புத்தகத்தில் மேப் என்றாலும் வரைபடம். இரண்டு பாடமும் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டதால் வந்த வினை. இலங்கையில் மேப்புக்குத் தேசப்படம் என்று தனியாகச் சொல்லிவிடுவதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. இந்த இழை முடியும்வரை பட்டை, கோடு, வட்டம் எல்லாவற்றையும் விளக்கப்படம் என்றும், மேப்பை நிலப்படம் என்றும் சொல்வோம்.

வேறுபாட்டுக்கு வருகிறேன். தாளில் ஒரு குறி எந்த இடத்தில் விழ வேண்டும் என்று முடிவு செய்வது யார்? பட்டைப் படத்தில் நீங்கள். சென்னையை முதலில் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். பட்டையின் உயரம் மாறாது. நிலப்படத்தில் அதை நிலமே முடிவு செய்துவிடுகிறது. நீலகிரியைத் தூக்கிக் கடலூர் பக்கத்தில் வைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அதனால் நிலப்படத்துக்கு அடிப்படை எல்லைக்கோட்டுப் படம், அளவை, திசை, குறிவிளக்கம் நான்கும் வேண்டும். விளக்கப்படத்துக்கு அச்சும் அலகும் போதும்.

ராயபுரம்_ரயிலடி
சார், இடம் மாற்றலாமா கூடாதா என்பது மட்டும் போதாது. சென்னையின் மாத மழையைக் கோட்டுப் படமாகப் போட்டால் ஜனவரியையும் நவம்பரையும் இடம் மாற்ற முடியுமா? முடியாது. அதற்காக அது மேப் ஆகிவிடுமா?

மெட்ரோ ரயில் பெட்டிக் கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் தடப் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையங்களின் வரிசை சரியாக இருக்கும். தூரம் சரியில்லை, திசையும் முழுக்கச் சரியில்லை. எல்லோரும் அதை மேப் என்றுதான் சொல்கிறோம்.

கட்டத்தாள்
முதல் கேள்வி நியாயம். மாத மழையில் வரிசையைக் கட்டிப்போடுவது காலம், நிலம் இல்லை. ஆகவே விளக்கப்படமே. மாவட்டங்களுக்குக் கால வரிசையும் கிடையாது. ஆகவே அவற்றைக் கோட்டால் இணைக்கக் கூடாது. செய்முறை ஏடுகளில் அடிக்கடி பார்க்கும் பிழை இது. தேனிப் புள்ளியிலிருந்து திருச்சிப் புள்ளிக்குக் கோடு இழுத்தால் நடுவில் உள்ள மதிப்பு எந்த ஊருக்கு?

தடப் படத்தை நான் விளக்கப்படத்தில்தான் சேர்ப்பேன். அதில் நிலம் இல்லை, இணைப்பு மட்டும் இருக்கிறது. அதே தடத்தை உண்மையான நிலத்தில் வரைந்து, ஒரு நாளில் எத்தனை ரயில் ஓடுகிறதோ அதற்கேற்பக் கோட்டின் தடிமனைக் கூட்டிக் குறைத்தால் ஓட்ட நிலப்படம் ஆகும். 10 ரயிலுக்கு 1 மில்லிமீட்டர் என்று வைத்தால், 60 ரயில் ஓடும் பகுதிக்கு 6 மில்லிமீட்டர்.

அளவுகோல்
மாணவியின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சென்னை ஏன் காணாமல் போனது?

ஏ4 தாளில் தமிழ்நாடு முழுக்க அடங்க 1 : 25,00,000 அளவை சரியாக வரும். 1 சென்டிமீட்டருக்கு 25 கிலோமீட்டர். வடக்கே பழவேற்காட்டிலிருந்து தெற்கே குமரிமுனைவரை ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். இதில் 2011இன் சென்னை மாவட்டம் 175 சதுர கிலோமீட்டர், அதாவது 0.28 சதுர சென்டிமீட்டர். சுண்டுவிரல் நகத்தில் பாதி கூட இல்லை. அன்றைய விழுப்புரம் சுமார் 7,200 சதுர கிலோமீட்டர், தாளில் 11.5 சதுர சென்டிமீட்டர். சென்னையின் மக்கள்தொகை 46,46,732, விழுப்புரம் 34,58,873. ஆள் கணக்கில் சென்னை முந்தியிருந்தும் கண் விழுப்புரத்தில் போய் நிற்கும். நிறம் தீட்டும்போது நீங்கள் எண்ணைக் காட்டுவதாக நினைக்கிறீர்கள். பார்ப்பவருக்குத் தெரிவது பரப்பும் நிறமும் சேர்ந்த கலவை.

அதனால்தான் இந்தத் துறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாவட்டத்தை நிறத்தால் நிரப்பும் படத்துக்கு, பாடநூலில் நிழற்பட்டைப் படம், மற்றவர்கள் வாயில் கோரோப்ளெத், வீதமோ அடர்த்தியோ சதவீதமோதான் கொடுக்க வேண்டும். தலைக்கணக்கைக் கொடுக்கக் கூடாது. தலைக்கணக்குக்கு வட்டக் குறியோ புள்ளியோ பயன்படுத்துங்கள். உங்கள் படத்தில் நடந்த தப்பு இதுதான்.

மயிலை_மாணவி
நன்றி சார். அப்படியானால் அடர்த்தியைக் கணக்கிட்டு ஐந்து வகுப்பாகப் பிரித்தால் போதுமா? மீப்பெரு மதிப்பிலிருந்து மீச்சிறு மதிப்பைக் கழித்து ஐந்தால் வகுக்கச் சொல்லியிருக்கிறது.

அளவுகோல்
போட்டுப் பாருங்கள், அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சென்னையின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். நீலகிரி 287. வித்தியாசம் 26,266, ஐந்தால் வகுத்தால் 5,253. முதல் வகுப்பு 287இல் தொடங்கி 5,540இல் முடியும். சென்னை தவிர்த்த 31 மாவட்டமும் அதற்குள் விழுந்துவிடும், ஏனென்றால் சென்னைக்கு அடுத்த இடத்தில் உள்ள கன்னியாகுமரியே 1,100ஐ ஒட்டித்தான். நடு மூன்று வகுப்பும் காலி. தமிழ்நாடு முழுக்க ஒரே வெளிர் நிறம், மூலையில் ஒரு கரும்புள்ளி. கணக்கு சரி, படம் வீண்.

சம எண்ணிக்கை முறை, அதாவது வகுப்புக்கு ஆறு அல்லது ஏழு மாவட்டம் என்று பிரிப்பது, வேறு விதத்தில் ஏமாற்றும். 819 கொண்ட மதுரையும் 26,553 கொண்ட சென்னையும் ஒரே நிறத்தில் வரும்.

இங்கே கையால் வெட்டுவதே நல்லது. மாநிலச் சராசரி 555ஐ ஒரு எல்லையாக வையுங்கள். 400க்குக் கீழ், 400–554, 555–699, 700–1,199, சென்னைக்குத் தனி வகுப்பு, தனி நிறம். குறிவிளக்கத்தில் "1,200–26,553" என்று எழுதாதீர்கள். அந்த இடைவெளியில் ஆளே இல்லை. "சென்னை 26,553" என்று நேரே எழுதுங்கள். 400–555, 555–700 என்று எல்லையை இரண்டு பக்கமும் எழுதுவதும் தப்பு. சரியாக 555 வந்தால் எந்தப் பெட்டி?

கட்டத்தாள்
நிறம் இல்லாமல் பென்சிலில் செய்பவர்களுக்கு: கோட்டு இடைவெளி 4, 3, 2, 1 மில்லிமீட்டர் என்று நெருக்கிக்கொண்டே போய், ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. கோட்டின் திசையை வகுப்புக்கு வகுப்பு மாற்றினால் நெருக்கம் தெரியாமல் திசைதான் கண்ணில் படும். எல்லாம் ஒரே சாய்வில் இருக்கட்டும். ஜெராக்ஸ் எடுக்கப் போகிறீர்கள் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி நிறம் வேண்டாம், மூன்றும் ஒரே சாம்பலாகிவிடும். வெளிரிலிருந்து அடர் வரை ஒரே நிறம்.

அடுக்கு_மேல்_அடுக்கு
கணினியில் செய்பவர்கள் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நிலப்படம் வரையும் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ் என்று வைத்துக்கொள்வோம்.

அட்டவணையையும் எல்லைக்கோப்பையும் மாவட்டப் பெயரால் இணைக்காதீர்கள். காஞ்சிபுரத்தை ஆங்கிலத்தில் ஒரு கோப்பு ஒரு விதமாகவும் இன்னொரு கோப்பு வேறு விதமாகவும் எழுதும். தூத்துக்குடி இன்னும் மோசம். கணக்கெடுப்பின் மாவட்டக் குறியீட்டால் இணையுங்கள். 2011இல் திருவள்ளூர் 602, சென்னை 603, காஞ்சிபுரம் 604, அப்படியே 633 வரை. இணைத்தபின் மாவட்டம் வெறுமையாக வந்தால், பெரும்பாலும் ஒரு கோப்பில் 603 எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருக்கும். மக்கள்தொகையை 46,46,732 என்று காற்புள்ளியோடு சேமித்திருந்தாலும் மென்பொருள் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், வகுப்புப் பிரிக்கும் பட்டியலில் அந்தப் பத்தியே தோன்றாது. காற்புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

தரவு இல்லாத மாவட்டத்துக்கு வெள்ளை விடாதீர்கள். மிகக் குறைந்த வகுப்பு என்று படித்துவிடுவார்கள். சாய்கோடு போடுங்கள்.

ராயபுரம்_ரயிலடி
இன்னொன்று விட்டுப்போச்சு ப்ரோ. இன்றைய எல்லைக்கோப்பை எடுத்து 2011 எண்ணைப் போடுவது. சென்னை மாவட்டம் 2018இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 46,46,732ஐ 426ஆல் வகுத்தால் 10,908. உண்மையில் 26,553. ஒரே வகுத்தலில் பாதிக்கு மேல் ஊரே காலி. அந்த 46,46,732 பழைய எல்லைக்குள் இருந்தவர்களின் எண்ணிக்கை. அம்பத்தூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் எல்லாம் அப்போது பக்கத்து மாவட்டக் கணக்கில் இருந்தவை.

அடுக்கு_மேல்_அடுக்கு
ஆமாம், அதுதான் பெரிய பள்ளம். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020இல் மயிலாடுதுறை. 38 மாவட்டக் கோப்பில் 32 மாவட்ட அட்டவணையை ஏற்றினால் இந்த ஆறும் வெறுமையாக நிற்கும். தாய் மாவட்டங்களோ பழைய முழு எண்ணைச் சுருங்கிய பரப்பில் சுமந்துகொண்டு அடர்த்தி கூடிப்போய் நிற்கும்.

மயிலை_மாணவி
தலைக்கணக்கையே காட்ட வேண்டும் என்றால் வட்டக் குறி என்றீர்களே, ஆரத்தை எப்படி எடுப்பது? 46 லட்சத்துக்கு 4.6, 7 லட்சத்துக்கு 0.7 என்று வைத்தால்?

அளவுகோல்
வைக்கக் கூடாது. வட்டத்தில் கண் படிப்பது பரப்பை. ஆரத்தை நேர் விகிதத்தில் எடுத்தால் பரப்பு வர்க்கத்தில் ஏறும். சென்னை நீலகிரியைப்போல 6.3 மடங்கு, நீலகிரி 7,35,394. நேர் விகித ஆரம் எடுத்தால் சென்னை வட்டம் 40 மடங்கு பெரிதாகத் தெரியும்.

மதிப்பின் வர்க்கமூலம் எடுங்கள். லட்சத்தில் எழுதினால் சென்னை 46.47; வர்க்கமூலம் 6.82. நீலகிரி 7.35, வர்க்கமூலம் 2.71. சென்னைக்கு 1.5 சென்டிமீட்டர் ஆரம் வேண்டும் என்று முடிவு செய்தால் 1.5ஐ 6.82ஆல் வகுக்க 0.22. இனி எல்லா மாவட்டத்துக்கும் 0.22 பெருக்கல் வர்க்கமூலம். நீலகிரி 0.6, விழுப்புரம் 1.29, திருவள்ளூர் 1.34, காஞ்சிபுரம் 1.39 சென்டிமீட்டர். குறிவிளக்கத்தில் முழு எண்ணுக்கு வட்டம் போடுங்கள்: 10 லட்சத்துக்கு 0.7, 25 லட்சத்துக்கு 1.1, 50 லட்சத்துக்கு 1.56. மூன்றையும் அடிப்பக்கம் தொட்டுக்கொள்ளும்படி ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் இடம் மிச்சம்.

சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். வட்டத்துக்குள் நிறம் நிரப்பாமல் கோடு மட்டும் வரையலாம். அல்லது சென்னை வட்டத்தை வங்காள விரிகுடாப் பக்கம் நகர்த்தி, மெல்லிய கோட்டால் இடத்தைச் சுட்டலாம். அந்தப் பக்கம் கடல் இருப்பது நம் அதிர்ஷ்டம்; டெல்லிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

கட்டத்தாள்
புள்ளி முறையையும் யாராவது கேட்பதற்குமுன் சொல்லிவிடுகிறேன். 1 புள்ளிக்கு 10,000 பேர் என்றால் மாநிலத்துக்கு 7,215 புள்ளி, சென்னைக்கு மட்டும் 465. அந்த 0.28 சதுர சென்டிமீட்டரில் அரை மில்லிமீட்டர்ப் புள்ளியை ஒட்ட ஒட்ட வைத்தாலும் 110 சொச்சம்தான் கொள்ளும். மைப்பொட்டு ஆகிவிடும். 50,000 என்று உயர்த்தினால் சென்னைக்கு 93, இடித்துப்பிடித்து நிற்கும். நீலகிரிக்கு 15. சென்னைக்கு வட்டம், மற்றவற்றுக்குப் புள்ளி என்று கலப்பதே உசிதம், அதைக் குறிவிளக்கத்தில் சொல்லிவிட்டால் போதும்.

புள்ளியைக் கோலப்புள்ளி மாதிரி சம இடைவெளியில் வைத்துவிடாதீர்கள். நீலகிரியின் 15 புள்ளியில் பெரும்பாலானவை உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் விழ வேண்டும். முதுமலைக் காட்டுக்குள் விழக் கூடாது. மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று தெரியாமல் புள்ளிப் படம் வரைய முடியாது. மற்ற முறைகளுக்கு அட்டவணை போதும், இதற்கு நிலமும் தெரிய வேண்டும்.

ராயபுரம்_ரயிலடி
அதே காட்டுப் பிரச்சினை சென்னைக்குள்ளும் உண்டு. மாநகராட்சியின் மண்டலங்களுக்கு அடர்த்தி போட்டால் அடையாறு மண்டலம் மெலிந்து தெரியும். உள்ளே கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர், பக்கத்தில் ஐஐடி வளாகம் கிட்டத்தட்ட 2.5. பெருங்குடிப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு. அங்கெல்லாம் குடியிருப்பு ஏது? அதையும் பரப்பில் சேர்த்து வகுத்தால் வேளச்சேரி சந்துகூடக் காற்றோட்டமாகத் தெரியும்.

அளவுகோல்
குடியிருப்பு இல்லாத பரப்பைக் கழித்துவிட்டு வகுப்பது தனி முறை, டாசிமெட்ரிக் என்பார்கள். மண்டலத்தை விட்டு 200 வார்டுக்கு இறங்கினால் படம் இன்னும் மாறும். எண்ணும் ஊரும் அதேதான், வெட்டிய எல்லை மட்டும் வேறு. நிறம் தீட்டிய எந்த நிலப்படத்தைப் பார்த்தாலும் "இந்த எல்லையில் பார்த்தால்" என்று மனசுக்குள் சேர்த்துப் படிக்க வேண்டும். பட்டைப் படத்துக்கும் இந்தக் கோளாறு உண்டு. ஆனால் அதில் பரப்பு கண்ணில் படாததால் ஏமாற்றம் கொஞ்சம் குறைவு.

மயிலை_மாணவி
மழைக்கு? 2015 வெள்ள நாளின் மழையளவையும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரம்: தாம்பரம் 49, செம்பரம்பாக்கம் 47, மீனம்பாக்கம் 35, நுங்கம்பாக்கம் 29 சென்டிமீட்டர். சம மழைக் கோடு வரையட்டுமா?

கட்டத்தாள்
கோடு வரையும் முறை இது. நுங்கம்பாக்கத்தில் மழை திடீரென்று நின்று மீனம்பாக்கத்தில் தொடங்குவதில்லை. தொடர்ச்சியாக மாறும் பொருள். அதனால் மாவட்ட எல்லையை மறந்துவிட்டு, அளவெடுத்த இடங்களுக்கு நடுவில் கணக்குப் போடலாம். தாம்பரம் 49, மீனம்பாக்கம் 35, வித்தியாசம் 14. தாளில் இரண்டுக்கும் நடுவே 7 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 45க்கான கோடு தாம்பரத்திலிருந்து 4/14 பங்கு, அதாவது 2 சென்டிமீட்டரில். 40க்கான கோடு 9/14 பங்கு, 4.5 சென்டிமீட்டரில். இப்படி எல்லா இணைகளுக்கும் குறித்து, சம மதிப்புகளை வளைவாக இணைக்க வேண்டும். இரண்டு கோடு ஒன்றையொன்று வெட்டினால் கணக்கில் தப்பு.

ஆனால் உங்களிடம் நான்கு நிலையம்தான். நான்கை வைத்து வளைவு இழுத்தால் முக்கால்வாசி உங்கள் கற்பனை. பார்ப்பவரோ ஒவ்வொரு தெருவிலும் அளந்ததாக நம்புவார். நான்குக்கு நான்கு பட்டை போடுங்கள், மழை அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு. அச்சு சுழியத்திலிருந்து தொடங்கட்டும். 25இல் தொடங்கினால் தாம்பரம் நுங்கம்பாக்கத்தைப்போல ஆறு மடங்காகத் தெரியும்.

ராயபுரம்_ரயிலடி
அப்போ நிலப்படத்தின்மேலேயே அந்த நான்கு பட்டையை நட்டால்? அது எந்தக் கட்சி?

அளவுகோல்
இரண்டிலும் உறுப்பினர். கட்சித்தாவல் பழைய வழக்கம்தான். 1854 லண்டன் காலராவுக்கு மருத்துவர் ஜான் ஸ்நோ வரைந்த படத்தில், ஒவ்வொரு இறப்புக்கும் ஒரு சிறு கறுப்புக் கட்டையை அந்தந்த வீட்டு வாசலில் அடுக்கினார். அடுக்கியது பட்டைதான், ஆனால் அது நின்ற இடம், நோயைப் பரப்பிய பிராட் தெருக் குடிநீர்க் குழாயைச் சுற்றி. அதே எண்ணிக்கையைத் தெருப்பெயர் வரிசையில் பட்டைப் படமாகப் போட்டிருந்தால் குழாய் தெரிந்திருக்காது. 1858இல் செவிலியர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போர் இறப்புகளை மாதவாரியாக ஆப்பு வடிவங்களில் போட்டார். அங்கே கேள்வி எந்த மாதம், எதனால் என்பது. அதை நிலப்படத்தில் போட்டிருந்தால் ஒன்றும் புலப்பட்டிருக்காது.

தேர்வுத்தாளில் நிலப்படத்தின்மேல் நட்ட பட்டையைப் புள்ளியியல் நிலப்படத்தில் சேருங்கள். இடத்தை நிலம்தானே சொல்கிறது.

மயிலை_மாணவி
வட்ட விளக்கப்படம் போட்டால் சுலபமாக இருக்குமே?

கட்டத்தாள்
32 மாவட்டத்துக்கா? சென்னையின் பங்கு 6.44 சதவீதம், 23.2 பாகை. நீலகிரிக்கு 3.7 பாகை. பாகைமானியில் அரைப் பாகை தவறினாலே அதில் ஏழில் ஒரு பங்கு போச்சு. வட்டம் ஐந்தாறு துண்டுவரை தாங்கும். உங்கள் 32க்குக் கிடைமட்டப் பட்டை, பெரியதிலிருந்து சிறியதுக்கு. பெயர் இடப்பக்கம் எழுத வசதி. 1 சென்டிமீட்டருக்கு 4 லட்சம் என்றால் சென்னை 11.6 சென்டிமீட்டர், நீலகிரி 1.8. பட்டை 4, இடைவெளி 2 மில்லிமீட்டர். 32க்கு 19 சென்டிமீட்டர் உயரம். ஒரே பக்கத்தில் அடங்கும்.

மயிலை_மாணவி
முடிவு இப்படி: தலைக்கணக்குக்குக் கிடைமட்டப் பட்டை, அடர்த்திக்கு நிழற்பட்டை நிலப்படம், மழைக்கு நான்கு பட்டை. வேறுபாட்டு விடையில், பட்டையில் 46,46,732ஐ ஏறக்குறைய அளந்து எடுக்கலாம், நிலப்படத்தில் வகுப்பு மட்டுமே தெரியும், ஆனால் குறைந்த அடர்த்தி மாவட்டங்கள் எங்கே சேர்ந்து கிடக்கின்றன என்பது தெரியும் என்று எழுதுகிறேன். சரியா?

அளவுகோல்
சரி. சிவகங்கையும் ராமநாதபுரமும் ஒட்டியபடி 400க்குக் கீழே விழும், அதை உதாரணமாகக் காட்டுங்கள். பட்டைப் படத்தில் அவை பக்கத்து ஊர்கள் என்று தெரியாது. சென்னையை மட்டும் கடல் பக்கம் ஒரு பெட்டியில் பெரிதாக்கி வரையுங்கள், அந்தப் பெட்டிக்குத் தனி அளவை எழுதுங்கள்.

அடுக்கு_மேல்_அடுக்கு
தலைப்பில் "மக்கள் அடர்த்தி, சதுர கிலோமீட்டருக்கு, 2011, அன்றைய 32 மாவட்ட எல்லைப்படி" என்று முழுசாகப் போடு தங்கச்சி. கடைசி நான்கு சொல்லை விட்டால் செங்கல்பட்டு எங்கே என்று கேட்டு நிச்சயம் ஒருவர் வருவார்.